பழைய இன்ஜின் வேஷம்: ஹாட் ராட் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்று பானட் இல்லாமல் நிற்கிறது. இன்ஜின் மேல் வரிசையாக ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்கள், முன்பக்கம் உருளை வடிவ டைனமோ, பின்னால் குட்டையான மேக்னெட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய கருவி). கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகையில் 1950 வாக்கில் ஓட்டி முடித்து, அப்படியே கொண்டுவந்து நிறுத்திய வண்டி போலத் தெரியும். ஆனால் அந்தக் கார்புரேட்டருக்குள் இருப்பது கம்ப்யூட்டர் சொன்னபடி பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர். டைனமோ கூட்டுக்குள் ஆல்டர்னேட்டர். மேக்னெட்டோ மூடிக்குள் எலெக்ட்ரானிக் இக்னிஷன்.

பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் அமெரிக்க ஹாட் ராட் பட்டறைகளில் இது புதுசும் இல்லை, வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. பழைய பாகத்தின் அழகு வேண்டும். காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பெரிய கைவேலை. எனக்கு அந்த வேலை மேல் மரியாதை உண்டு. அதனால்தான் அதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

முதல் தவறு, எந்த இன்ஜினாக வேஷம் போடுகிறோமோ அதன் உடம்பைப் படிக்காமல் வேலையைத் தொடங்குவது. உள்ளே பெரும்பாலும் இருப்பது ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8. 1955-இல் 265 கன அங்குலத்தில் வந்தது. மலிவு, எங்கும் கிடைக்கும். அதன் மேல் ஹெமி மாதிரி அகலமான டேப்பட் கவரை மாட்டுகிறார்கள். நிஜ ஹெமியில், அதாவது 1951-இல் கிறைஸ்லர் கொண்டுவந்த ஃபயர்பவர் இன்ஜினில், ஸ்பார்க் பிளக் இரண்டு வால்வுகளுக்கு நடுவே உச்சியில் உட்காரும். அதனால் பிளக் வயர் கவரின் நடுவே இறங்கும். ஷெவர்லேயில் பிளக், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு இடையே இருக்கிறது. போலிக் கவரைப் போட்டதும் மேலே நான்கு பொய் வயர், கீழே நான்கு நிஜ வயர். விஷயம் தெரிந்தவர் ஒரு பக்கத்தில் எட்டு வயரை எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவார். பிளக்குகளுக்குக் கரன்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இரண்டு இன்ஜினிலும் பின்பக்கம்தான் என்பதால், வயர்களை அடியில் ஒளித்துக் கொண்டுபோனால் வேஷம் ஓரளவு நிற்கும். ஆனால் அப்படி ஒளிக்கும் இடம் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில். சூடு தாங்கும் உறையும், பிளக் முனையில் பீங்கான் மூடியும் இல்லாவிட்டால் சில நாளிலேயே வயர் பொரிந்துபோகும்.

அதைவிடத் துணிச்சலானது ஆர்டன் வேஷம். ஸோரா ஆர்கஸ்-டன்டோவும் அவர் தம்பியும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபோர்டு பிளாட்ஹெட்டுக்கென்று (வால்வு பிளாக்கிலேயே இருக்கும் பழைய வி8) செய்த, வால்வு மேலே உள்ள ஹெட் அது. ஆர்கஸ், டன்டோவ் இரண்டின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ஆர்டன். மிக அரிது, அதனாலேயே கூட்டம் சேரும், கேள்வி வரும். அடியில் இருக்க வேண்டியது பிளாட்ஹெட் பிளாக். அதற்குத் தண்ணீர் பம்ப் இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம். ஷெவர்லேக்குப் பம்ப் ஒன்றுதான், டிஸ்ட்ரிபியூட்டர் கார் உட்புறச் சுவரை ஒட்டிப் பின்னால் நிற்கும். கவரை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் இந்த இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். (ஸோரா 1953-இல் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டை வளர்த்தெடுத்தவர். அவர் பெயர் தாங்கிய ஹெட்டின் வேஷத்தை ஷெவர்லே இன்ஜின் போட்டுக்கொள்வதில் ஒரு உறவுமுறை இருக்கத்தான் செய்கிறது.)

கண்ணுக்குத் தெரியும் பிழை இவ்வளவுதான், அதோடு போகட்டும். பெட்ரோல் லைனில் நடக்கும் தவறு உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டருக்கு (காற்று நுழையும் குறுகிய கழுத்தான வென்சுரியின் குறுக்களவு 0.97 அங்குலம், அதுதான் அந்த 97) சுமார் 2.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் போதும். அதற்கேற்றபடிதான் அந்தக் காலத்துச் சாமான்கள்: கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர், கிளிப் போட்ட ரப்பர் ஹோஸ், மெல்லிய செம்புக் குழாய். இன்ஜெக்டர் வைத்ததும் கணக்கே வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் புதிய எல்எஸ் வகை வி8 இன்ஜின்களில் லைன் அழுத்தம் 58 பிஎஸ்ஐ வரை போகும். இருபது மடங்குக்கு மேல். அழகுக்காக அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை இந்த லைனில் கோத்துவிடுகிறார்கள். ஊசித்துளை அளவு ஒரு விரிசலை நினைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் லைனில் அங்கே ஒரு சொட்டு திரளும், வாசனை வரும், வண்டியை ஓரம்கட்டிவிடலாம். இன்ஜெக்‌ஷன் லைனில் அதே துளையிலிருந்து பெட்ரோல் புகை மாதிரிப் பீய்ச்சும். ஒரு அடி தள்ளிக் கொதிக்கிற எக்ஸாஸ்ட். கண்ணாடிக் கிண்ணம் கட்டாயம் வேண்டுமா, வையுங்கள். ஆனால் அதற்குள் பெட்ரோல் வரக் கூடாது. இரு முனையும் அடைத்த வெறும் பொம்மையாக இருக்கட்டும். நிஜ லைன், இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த ஹோஸும் இணைப்பும் கொண்டு, சட்டத்தின் உட்பக்கமாகப் போகட்டும்.

ஆறு கார்புரேட்டர் வைத்து இரண்டை மட்டும் வேலை செய்ய விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடாத கார்புரேட்டரின் அடியில் வெறும் காகித கேஸ்கெட்டை ஓட்டையில்லாமல் வெட்டி வைத்தால் இன்ஜினின் உறிஞ்சலில் அது பிய்ந்து, காற்று உள்ளே இழுக்கும். கலவை மெலியும், இன்ஜின் சூடேறும். கெட்டியான உலோகத் தகடு போடுங்கள். எல்லாக் கார்புரேட்டரும் சேர்ந்து அசைவது போலக் கம்பி இணைப்பு வைத்தால், பொம்மைக் கார்புரேட்டரில் ஏற்படும் சிக்கல் நிஜக் கார்புரேட்டரையும் திறந்தபடியே பிடித்து வைக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையாத வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

டைனமோ வேஷத்தில் மூன்று இடத்தில் அடிபடுகிறார்கள். ஃபோர்டு கார்கள் 1955 வரை 6 வோல்ட், பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பழைய பழக்கத்தில் பாட்டரியை முனை மாற்றிக் கொடுத்தால் டையோடுகள் கண்சிமிட்டும் நேரத்தில் எரிந்துவிடும். அடுத்தது டேஷ்போர்டில் அழகுக்கு விட்டுவைத்த பழைய ஆம்பியர் மீட்டர். அந்தக் காலத்து 30 ஆம்பியருக்குச் செய்த மீட்டரின் உள்ளே முழுக் கரன்டும் பாயும். புது ஆல்டர்னேட்டர் அதற்கு மேல் பல மடங்கு தள்ளும்போது மீட்டரின் முதுகில் வயர் உருகத் தொடங்கும். மூன்றாவது, பெல்ட் புல்லி. டைனமோவின் பெரிய புல்லியை அப்படியே வைத்தால் ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் போதிய வேகம் எடுக்காது. சிக்னலில் நிற்கும்போது விளக்கு மங்கும். நல்ல ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

என் கணக்கில் மிக மோசமான தவறு மேக்னெட்டோவில் நடப்பது. நிஜ மேக்னெட்டோ தன் கரன்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதை நிறுத்த அதன் முனையை எர்த் செய்ய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் இதற்கு நேர் எதிர்: 12 வோல்ட் கொடுத்தால் ஓடும், துண்டித்தால் நிற்கும். இப்போது மேக்னெட்டோ உருவத்துக்குள் டிஸ்ட்ரிபியூட்டர் ஒளிந்திருக்கிறது. வண்டி கைமாறுகிறது. புது மெக்கானிக் வெளி உருவத்தை நம்பி எர்த் ஸ்விட்ச் வைக்கிறார். நிறுத்தப் போட்ட ஸ்விட்ச் 12 வோல்ட் வயரை நேராக எர்த்தில் இடிக்கிறது. ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத வண்டியில் வயரே போகும். எதிர்ப்பக்கமும் நடக்கும். ‘எல்லாம் வேஷம்தானே’ என்ற நினைப்பில் அசல் மேக்னெட்டோவுக்கு 12 வோல்ட் கொடுத்து, காந்தத்தையும் காயிலையும் கெடுத்துவிடுவார்கள். செய்தவர் ஒரு காகிதத்தில் வயரிங் படத்தை வரைந்து, எந்தக் கூட்டுக்குள் எது, எந்த அழுத்தம், எந்தப் பாக நம்பர் என்று எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டிருந்தால் இது எதுவும் நடக்காது. பார்க்க வருபவனிடம் மறைப்பது வேறு, சரிசெய்ய வருபவனிடம் மறைப்பது வேறு.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரின் பொம்மை பற்றிச் சுருக்கமாக. 6-71 என்று சொல்வது ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் இன்ஜினில் இருந்து வந்த காற்றூதி. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். அதன் கூட்டை உள்ளே காலியாக்கி, கார்புரேட்டரை அடியில் ஒளித்து, பெல்ட்டை மட்டும் சுழல விடுகிறார்கள். பெல்ட் சுழல்வதால் பேரிங்குக்கு எண்ணெய் வேண்டும், கிராங்க் முனைக்குப் பாரமும் உண்டு. பொம்மைதானே என்று இரண்டையும் மறப்பதுதான் தவறு.

இதுவரை சொன்னதெல்லாம் வேஷம். விற்கும்போது வேஷத்தை அசல் என்று சொன்னால் அது மோசடி. ஹாட் ராட்டுக்குப் பக்கத்து வீடான கார்வெட் சந்தையில் இது அதிகம். அசல் இன்ஜின் இருந்தால் விலை எகிறும் என்பதால் வேறு பிளாக்கில் நம்பரை அடித்து விற்கிறார்கள். ஸ்மால் பிளாக்கில் நம்பர் அடிக்கும் சமதளம், முன்பக்கம், வலப்பக்க ஹெட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தொழிற்சாலையில் அந்தத் தளத்தைச் செதுக்கிய கருவி முன்னிருந்து பின்னாக நூல் போன்ற மெல்லிய கோடுகளை விட்டிருக்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். கோடுகள் இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, வட்டவட்டமாகச் சுழி தெரிந்தாலோ, பிளாக்கை மறுபடி இழைத்திருக்கிறார்கள். ரிப்பேருக்காகவும் இருக்கலாம், நம்பரை அழிக்கவும் இருக்கலாம். கோடுகளையே போலியாக இழுப்பவர்களும் உண்டு. ஆகவே பிளாக் வார்த்த தேதியையும் பாருங்கள். அது இன்ஜின் பூட்டிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அந்தத் தேதி கார் செய்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஒன்று முன்பின்னாக இருந்தாலும் பேச்சை நிறுத்துங்கள். அந்தச் சமதளத்தைப் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பிராக்கெட் மறைத்துக்கொண்டிருக்கும். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான். மறுப்பவரிடம் அசல் இன்ஜினின் விலையைப் பேச வேண்டாம்.