முதல் கார் பழைய ஜீப்பா? வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய மஹிந்திரா தார் வாங்கப் பணம் போதவில்லை. ஆல்டோ வாங்க மனம் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம், நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. மாருதி ஜிப்சி, 2010 முதல் 2020 வரை வந்த பழைய தார், ஃபோர் வீல் டிரைவ் பொலேரோ அல்லது ஸ்கார்ப்பியோ, டாடா சஃபாரி, ரெனோ டஸ்டர் என்று பட்டியல் நீளும். ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 1985 இறுதியில் வந்த ஜிப்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடிப்படை மாறாமல் உற்பத்தியானது. கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்காமல் கையாலேயே கழற்றிப் பூட்டக்கூடிய வண்டி அது. பழுது வந்தால் என்ன பழுது என்றாவது தெரியும்.

சிக்கல், இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. பெரிய டயர், முன்னால் இரும்புக் கம்பி, கூரையில் வரிசையாக விளக்கு, பளபளக்கும் பச்சை வண்ணம். பணம் போவது இவற்றுக்கு. பழுது வருவது கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில். மிடுக்காக நிற்கும் வண்டியைக் கூடுதல் சந்தேகத்தோடும், கம்பெனியிலிருந்து வந்தபடியே அழுக்காக நிற்கும் வண்டியைக் கூடுதல் மரியாதையோடும் பாருங்கள் என்பதுதான் நான் யாருக்கும் சொல்வது.

நான்கு சக்கரமும் இழுக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது

சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் சாலையில் ஓடும் பொலேரோ, ஸ்கார்ப்பியோக்களில் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் இழுப்பவை. பழைய தாரிலும் டூ வீல் டிரைவ் வகை விற்றது. பின்கதவில் ‘4×4’ ஸ்டிக்கர் ஒட்ட நூறு ரூபாய் போதும்.

குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்க வேண்டும். அதுதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னாலும் இன்னொன்று முன்னாலும் போகும். முன்பக்க ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற வண்டிகளும் உண்டு. சத்தம் வந்தது, கழற்றிவிட்டோம் என்பார்கள். சத்தம் ஏன் வந்தது என்று கேட்டால் பதில் வராது.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கியர் லீவருக்குப் பக்கத்தில் குட்டையான இரண்டாவது லீவர் இருக்கும். சில வண்டிகளில் அதற்குப் பதில் ஒரு திருகு பொத்தான். 2H என்றால் பின்சக்கரம் மட்டும், 4H என்றால் நான்கும், 4L என்றால் நான்கும் மிகக் குறைந்த வேகத்தில், அதிக இழுவையோடு. சில மாடல்களில் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். 4H போட்டு, சிமென்ட் தரையில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, நடக்கும் வேகத்தில் சில அடி தூரம் மட்டும் நகர்த்துங்கள். வண்டி முரண்டு பிடித்தால், டயர் தரையில் தேய்ந்து திமிறினால், மகிழ்ச்சி: முன்சக்கரம் உண்மையிலேயே இணைந்திருக்கிறது. எப்போதும்போல் வழுக்கிக்கொண்டு திரும்பினால் ஹப்போ ஷாஃப்டோ வேலை செய்யவில்லை.

ஏன் திமிறுகிறது? வளைவில் முன்சக்கரம் போகும் பாதை பின்சக்கரத்தின் பாதையைவிட நீளம். இந்தப் பழைய வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தைச் சமன்செய்யும் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அந்த இறுக்கத்தைத் தானே தளர்த்திக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க வழியில்லாமல் இறுக்கம் முழுதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேல் ஏறும். ‘நல்ல பிடிமானம் சார், நெடுஞ்சாலையில் எப்போதும் ஃபோர் வீலில்தான்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

டஸ்டரின் ஃபோர் வீல் வகை வேறு இனம். 2014 இல் வந்த அதில் தேவைப்படும்போது பின்சக்கரம் தானாக இணையும். 4L கிடையாது, முதல் கியரே மிகக் குறைந்த வேகத்தில் அதிக இழுவை தருவது. மலைப்பாதைக்கும் மழைக்கும் அது போதும். காட்டாற்றுப் பாறைக்குள் இறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு உரிய வண்டி அல்ல. தினமும் அலுவலகம் போய்வர, மாதம் ஒருமுறை மேகமலைக்கோ ஏற்காட்டுக்கோ போக என்றால், இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வண்ணத்தைப் பார்த்துச் சேசிஸை மறப்பது

ஜிப்சி, தார் போன்றவற்றில் பாடி தனி, அதைத் தாங்கும் ஏணி போன்ற சேசிஸ் தனி. பாடி துருப்பிடித்தால் டிங்கரிங் செய்துகொள்ளலாம். சேசிஸ் அரித்துவிட்டால் வண்டி முடிந்தது. வால்பாறை, கூடலூர் எஸ்டேட்களில் ஆண்டு முழுதும் ஈரத்தில் நின்ற வண்டி, தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கம் உப்புக்காற்றில் ஓடிய வண்டி என்றால் முதலில் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பிறகுதான் சாவியைக் கேட்க வேண்டும்.

ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்துப் போங்கள். சேசிஸ் சட்டத்தைப் பின்புறப் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் செத்திருக்கும். லீஃப் ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடம், பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் வளையும் இடம், சேறு தங்கும் மூலைகள், இந்த மூன்றையும் விடாதீர்கள். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்பு தார்ப்பூச்சு அடித்திருந்தால் அது பராமரிப்பாக இருக்கலாம். போன வாரம் விற்பனைக்காக அடித்ததாகவும் இருக்கலாம். ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தினால் தெரிந்துவிடும். உரிமையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்றையும் செய்யச் சொல்லுங்கள். முன் அச்சிலும் பின் அச்சிலும் தனித்தனியாக இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் (பல்சக்கரப் பெட்டியில்) ஆயில் ஊற்றும் நட்டைக் கழற்றி, விரலை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் கறுப்பாக இருந்தால் பழையது, மாற்றினால் போதும். பால் ஊற்றிய டீ போல் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறக்கிய வண்டியாகவோ, 2015, 2023 டிசம்பர்களில் சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டியாகவோ இருக்கலாம். விரலில் மினுமினுக்கும் இரும்புத் தூள் ஒட்டினால் பல்சக்கரம் தேய்கிறது. பத்து நிமிட வேலை இது. பேரம் பேசும்போது இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

முன்சக்கரத்துக்கு உட்பக்கம் கிரீஸ் வழிந்து மண்ணோடு அப்பிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் சீல் போயிருக்கும். அதுவே பெரிய செலவு அல்ல. அப்படியே ஓட்டினால் பிறகு பேரிங்கும் போகும். அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடினால், வீல் பேலன்ஸ் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். சில நேரம் ஆகும். பல நேரம் கிங் பின், பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாம் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

மாற்றியமைத்த வண்டியை மாற்றியமைத்ததற்காகவே வாங்குவது

கூரையை வெட்டியது, உயரத்தை ஏற்றியது, வேறு கம்பெனி டீசல் எஞ்சினைப் பொருத்தியது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஆர்.சி.யில் உள்ளபடிதான் வண்டி இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கும் தடை இருக்கிறது. வழியில் அபராதம் கட்டுவது சின்னத் தொல்லை. விபத்து நடந்த பிறகு, மாற்றம் செய்ததைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கத் தொடங்குவதுதான் பெரிய தொல்லை. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் துடைத்துப் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டயரும் இதில் சேர்த்திதான். நான்கும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போடும்போதெல்லாம் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பத்து வயது டயரைத் தலையில் கட்டுவார்கள்.

மலிவு என்றதும் காகிதத்தை மறப்பது

டெல்லிப் பதிவெண் கொண்ட சஃபாரியும் ஸ்கார்ப்பியோவும் ஏன் அவ்வளவு மலிவாக வருகின்றன? டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் விதித்த தடையை 2018 இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இடையில் உத்தரவுகள் மாறி மாறி வந்தாலும், அங்கே விலை விழுந்த வண்டிகள் தெற்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி ஆகியவற்றை விலையோடு கூட்டிப் பாருங்கள். ‘என்.ஓ.சி. அடுத்த வாரம் வந்துவிடும்’ என்பவரிடம் அடுத்த வாரமே வாங்கிக்கொள்ளலாம்.

சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு. பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 இல் 10,000 ஆக்கினார்கள். பதினான்கு வயது வண்டி திடீரென்று மலிவாக விற்பனைக்கு வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். கடன் தீர்ந்ததற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பொலேரோ கேம்பர் போன்றவை மஞ்சள் பலகைச் சரக்கு வண்டிகள். மலிவாகக் கிடைக்கிறது என்று குடும்பத்துக்காக வாங்கினால் எஃப்.சி.யும் வரியும் துரத்தும். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சி என்றால், உற்பத்தியான ஆண்டு எது, பதிவான ஆண்டு எது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வாங்கும் விலையைச் செலவு என்று எண்ணுவது

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் கட்டண அட்டவணைப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், 1,500-க்கு மேல் 7,897 ரூபாய், வரி தனி. 1,298 சிசி ஜிப்சியும் 1,461 சிசி டீசல் டஸ்டரும் முதல் வகை. இரண்டரை லிட்டர் தார் இரண்டாம் வகை. ஜிப்சியில் இப்படி மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவிடுவீர்கள். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே நல்ல ஜிப்சி. பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய கார்புரேட்டர் ஜிப்சியின் ரப்பர்க் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது.

கையில் மூன்று லட்சம் இருந்தால் இரண்டு லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதி ஒரு லட்சம் முதல் ஆறு மாதத்தில் எங்கே போனது என்று தெரியாமல் போகும்.

புதிதாக ஓட்டுகிறவர் இதை லேசாக எடுத்துக்கொள்வது

இது முதல் கார் என்பதை வாங்குகிறவரே மறந்துவிடுகிறார். உயரமான, நீளம் குறைந்த, லீஃப் ஸ்பிரிங் வண்டி வளைவில் கார்போல நடந்துகொள்ளாது. திடீரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இரண்டுமே இல்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. மழையில் கொல்லிமலை கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது உங்களைக் காப்பது பிரேக்கும் டயரும் குறைந்த கியரும்தான்.

பழைய தாரிலும் ஜிப்சியிலும் பின்னால் எதிரெதிரே பார்த்த பெஞ்சு இருக்கைகள். பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போக நினைத்தால், அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். முன்னோக்கிய இருக்கையும் சீட் பெல்ட்டும் உள்ள டஸ்டரையோ சஃபாரியையோ பாருங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், அலங்காரப் பொருள் கடைக்குப் போகுமுன் மெக்கானிக்கிடம் போங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என ஐந்து இடத்திலும் ஆயிலை மாற்றுங்கள். கூலன்ட்டையும் பிரேக் ஆயிலையும் சேர்த்து மாற்றுங்கள். மாதம் ஒருமுறையாவது மண்தரையில் 4H போட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டுங்கள். தொடாமலேயே விட்ட ட்ரான்ஸ்ஃபர் லீவர், தேவைப்படும் நாளில் இறுகிப்போய்க் கிடக்கும்.