பழைய ஆபீஸ் கட்டடத்துக்குப் புது வேலை கொடுக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நாலு மாடி ஆபீஸ் ஒன்றை லாட்ஜாக மாற்றும் வேலையில் ஒரு தடவை நானும் இருந்தேன். மாடிக்கு இரண்டு கழிப்பறை இருந்த இடத்தில் அறைக்கு ஒன்று என்று பன்னிரண்டு வைத்தோம். திறந்த மூன்றாம் மாதம் தரைத்தளத்து பேக்கரிக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சீலிங்கில் பாய் அகலத்துக்கு ஈரம். சொட்டுச் சொட்டாகத் தேங்காய் பன் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. எந்த அறைத் தண்ணீர் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது.

பிளம்பரைத் திட்டி என்ன பயன்? வீடு கட்டும்போது குளியலறை வரும் இடத்தில் மட்டும் தளத்தைக் கொஞ்சம் இறக்கி வார்ப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பார்கள், குழாயெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். ஆபீஸில் அது கிடையாது. லிஃப்ட் பக்கத்தில் ஒரே வரிசையாகக் கழிப்பறை, அவ்வளவுதான். வேறு இடத்தில் வேண்டும் என்றால் தளத்தைத் துளைத்துக் கீழ் மாடியின் சீலிங்கில் குழாய் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தரையை உயர்த்திச் செங்கல் ஜல்லி கொட்ட வேண்டும். கொட்டினால் பாரம் ஏறும். பழைய கழிப்பறை வரிசையை ஒட்டியே அறைகளை அமைத்திருந்தால் மாடிக்கு நாலு அறை குறைந்திருக்கும். பேக்கரிக்காரர் இன்றைக்கும் எங்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

நாங்கள் ‘லாட்ஜ்’ என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் கட்டடத்தைப் பார்த்தோம். நான் பார்த்த தவறுகளில் பாதி இப்படித்தான் ஆரம்பித்தன.

பாரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் சும்மா கிடக்கிறதே, நூலகம் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்கவும் நன்றாக இருக்கும். இந்தியத் தர விதிப்படி ஆபீஸ் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். நாற்காலியைப் பொருத்தி வைக்காமல் கூட்டம் கூடும் மண்டபம் என்றால் அது 500. புத்தக அடுக்குகள் நிற்கும் அறை 600-ல்தான் தொடங்கும். வீட்டுக்கு 200 போதும். ஆகவே பாரத்தை மட்டும் பார்த்தால், ஆபீஸைக் குடியிருப்பாக்குவது கல்யாண மண்டபம் ஆக்குவதைவிடப் பத்திரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்திருக்கும், வரைபடமும் பெரும்பாலும் கிடைக்காது. கான்கிரீட்டில் சிறு உருளை வெட்டியெடுத்துச் சோதிக்காமல் பழைய தளத்தை நம்பக் கூடாது.

குடியிருப்பு என்றதும் அடுத்த வில்லங்கம் வெளிச்சம். ஏ.சி. வந்த பிறகு கட்டிய ஆபீஸ்களில் நடுப்பகுதி ஜன்னலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும். டியூப் லைட்டில் கணக்கு எழுதலாம், படுத்துத் தூங்கும் வீடாக முடியாது. நியூயார்க்கில் 25 வாட்டர் ஸ்ட்ரீட் என்ற 1960-களின் ஆபீஸைச் சுமார் 1,300 வீடுகளாக மாற்றியபோது, கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை இரண்டு முற்றங்களை வெட்டினார்கள். அதில் இழந்த இடத்தை ஈடுகட்ட மேலே 10 மாடி ஏற்றினார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்?

சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தாலே ஓமந்தூரார் தோட்டத்தை யாராவது இழுப்பார்கள். 2010-ல் சட்டமன்றம், தலைமைச் செயலகத்துக்காகத் திறந்த கட்டடம் 2014-ல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது. அரசியலை விடுவோம். அதைக் காட்டி நாற்பது வருஷக் கட்டடத்தில் ஆஸ்பத்திரி போடக் கிளம்புகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட் இருக்கிறதா? ஓமந்தூரார் கட்டடம் புத்தம் புதிது, பின்னால் அரசாங்கப் பணம் இருந்தது. அப்படியும் ஆஸ்பத்திரி என்று அறிவித்ததிலிருந்து திறப்பு வரை இரண்டரை வருஷம் போனது.

கட்டடத்துக்குப் பொருந்துகிற வேலையைக் கொடுத்ததைப் பார்க்க எழும்பூருக்குப் போகலாம். 1856 முதல் காவல் ஆணையர் அலுவலகம் இருந்த பழைய பங்களா அது. 2013-ல் அலுவலகம் வேப்பேரிக்குப் போக, 2021-ல் காவல் அருங்காட்சியகம் ஆனது. பார்க்க வருகிறவர் கூடத்துக்குக் கூடம் நடந்துபோனால் போதும், அறைக்கு அறை குழாய் வேண்டாம்.

இந்த மாதிரி சுண்ணாம்புக் கட்டடங்களில் நடக்கும் தவறே தனி. உப்புப் பூத்த சுவரைப் பார்த்ததும் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரையை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போடுவதும் அதே ரகம். தேக்கு உத்தரம் உளுத்துப்போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

தீ விஷயத்தில் சமாதானமே கூடாது. சேப்பாக்கத்தில் நவாபின் அரண்மனையாக இருந்து அரசு அலுவலகமான கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்தது, அணைக்கப் போன அதிகாரி ஒருவர் இறந்தார். சீரமைத்த பிறகு அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வந்தது. ஒரே மாடிப்படி உள்ள கட்டடத்தில் ஆட்கள் தூங்கப்போகிறார்கள் என்றால், இரண்டாவது படிக்கு இடம் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். பயன்பாட்டை மாற்றச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று இரண்டையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, ‘முடிவு எடுக்கும்வரை பூட்டி வைப்போம்’ என்ற தவறு. அண்ணா சாலையில் 1897-ல் எழும்பிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்து, வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். 2010-ல் இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்தும் கட்டடத்துக்கு வேலை வரவில்லை, ஆண்டுக்கணக்கில் பாழடைந்துதான் நின்றது. பூட்டுவது தவிர வழியில்லை என்றால், ஐப்பசிக்கு முன்னால் ஒரு ஆளை மொட்டை மாடிக்கு ஏற்றி, மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுக்கச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று இருக்கும். விரல் பருமனில் கையாலேயே பிடுங்கிவிடலாம். மணிக்கட்டுப் பருமன் ஆகிவிட்டால் இழுக்கும்போது செங்கல்லும் சேர்ந்து வரும்.