பயணத்துக்கான கேமரா முதுகுப்பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேமராவுக்கு முதுகுப்பை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பையின் படங்களையும் லிட்டர் கணக்கையும் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே வீட்டில் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு உண்மையாகவே எடுத்துச் செல்லப்போகும் கருவிகளை மட்டும் ஒரு மேசையில் பரப்பி, அவற்றோடு சார்ஜர், பேட்டரிகள், ஃபில்டர்கள், மடிக்கணினி, முக்காலி, தண்ணீர் பாட்டில், மழைச்சட்டை ஆகியவற்றையும் வைத்து, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருக்கும் எல்லா லென்ஸ்களும் இந்தப் பட்டியலில் இடம்பெறக் கூடாது. கடந்த இரண்டு மூன்று பயணங்களில் எடுத்த படங்களைத் திறந்து, எந்த லென்ஸில் எத்தனை படங்கள் எடுத்தீர்கள் என்று எண்ணினால், வீட்டிலேயே விட்டுச் செல்லக் கூடியவை எவை என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பலர் திகைத்துப்போகிறார்கள். ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா (பெரிய சென்சார் உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத வகை) ஒன்று ஏறத்தாழ 700 கிராம், அதிக ஒளியை உள்ளே விடும் எஃப் 2.8 திறப்புள்ள 24-70 மி.மீ. லென்ஸ் 700 முதல் 900 கிராம். அதே திறப்புள்ள 70-200 மி.மீ. லென்ஸ் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை. இவற்றோடு ஒரு சிறிய லென்ஸ், மடிக்கணினி, ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றரைக் கிலோ முக்காலி, சில்லறைப் பொருள்கள் என்று சேர்த்தால் ஏழரைக் கிலோ ஆகிவிடும். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள பையும் சேரும்போது தோளில் ஏறுவது ஒன்பதரைக் கிலோ. ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பல நாள் நடைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது மலை நடையில் பழகியவர்களிடையே வழங்கும் கணக்கு. அதன்படி 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள் முழுவதும் சிரமமின்றிச் சுமக்கக் கூடியது 6 கிலோதான். சுமை வலியாக மாறும் நாளில் கேமரா விடுதி அறையிலேயே தங்கிவிடுகிறது என்பதால், பையைப் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளையும் நான் எடைக்குப் பின்னால்தான் வைப்பேன்.

விமானத்தில் செல்வோருக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. பல விமான நிறுவனங்கள் பயணி தம்மோடு உள்ளே கொண்டுவரும் பைக்கு 7 கிலோ வரம்பு வைத்திருக்கின்றன, 2.3 கிலோ எடையுள்ள பையை வாங்கினால், அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்கை வெறும் பையே எடுத்துக்கொள்ளும். அளவு வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், நீங்கள் அடிக்கடி செல்லும் நிறுவனத்தின் அளவோடு பையின் வெளி அளவை ஒப்பிட வேண்டும். தயாரிப்பாளர்கள் உள் அளவு, வெளி அளவு என இரண்டையும் தருவார்கள். உள் அளவை மட்டும் பார்த்து வாங்கினால், முன்பாக்கெட் நிரம்பிப் புடைத்தவுடன் பை வரம்பைத் தாண்டிவிடும்.

பேட்டரி விஷயத்தையும் பையைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்குகளும் விமானத்தின் சரக்கறைக்குச் செல்லக் கூடாது. அவை பயணியுடன்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரையுள்ளவற்றுக்குப் பொதுவாகத் தனி ஒப்புதல் தேவையில்லை; அதற்கு மேல் 160 வாட்-மணி வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இந்த அளவு கிடைக்கும்: 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட கேமரா பேட்டரி 16.4 வாட்-மணிதான். சிக்கல் எழுவது வேறொரு தருணத்தில். விமானம் நிரம்பி, வாசலில் நிற்கும் ஊழியர் உங்கள் பையைச் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னால், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே எல்லா பேட்டரிகளையும் வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே பேட்டரிகள் ஒரே சிறு உறையில், கைக்கு உடனே எட்டும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். கேமரா அறை முழுவதையும் தனிப் பெட்டிபோல் உருவி எடுக்கக் கூடிய பைகளை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம். வெறும் கூடு கீழே போகட்டும், கேமராவும் லென்ஸ்களும் இருக்கும் பெட்டியை நம்மோடு உள்ளே கொண்டு செல்லலாம்.

அடுத்தது உடல் பொருத்தம். ஏராளமான கேமரா பைகள் ஒரே அளவில்தான் வருகின்றன. மனித முதுகுகள் அப்படி இல்லை. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தி நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உயரம் வரை முதுகெலும்பின் வழியே மற்றொருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த நீளத்துக்கு ஏற்ற பையில் மட்டுமே இடுப்பு வார் இடுப்பெலும்பின் மேல் அமரும். முதுகு நீண்டவர் குட்டையான பையை அணிந்தால் வார் வயிற்றை அழுத்துமே தவிர எடையைத் தாங்காது. கடையில் சோதிக்கும்போது உங்கள் கருவிகளையே பைக்குள் வைத்து, முதலில் இடுப்பு வாரைப் பூட்டி, பிறகு தோள்வார்களை இறுக்கி, இறுதியில் தோள்வார்களைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். பை கீழே சரியாமல் எடை இடுப்பிலேயே நின்றால் அந்த வார் உண்மையாகவே வேலை செய்கிறது. மெல்லிய நாடாவாக மட்டும் இருக்கும் இடுப்பு வார் பை ஆடுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். ஐந்தாறு கிலோவுக்குள் அது போதும், அதற்கு மேல் பஞ்சு வைத்த அகலமான வார் வேண்டும்.

எடை பைக்குள் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கனமான லென்ஸ் முதுகை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருந்தால் உடல் நிமிர்ந்தே நடக்கும். அதே லென்ஸ் முதுகிலிருந்து விலகி முன்பாக்கெட் பக்கம் இருந்தால் தோள்கள் பின்னோக்கி இழுபட, அதை ஈடுசெய்ய நாம் முன்னே குனிகிறோம். துணிகளுக்கு மேல் அறை, கேமராவுக்கு அடி அறை என்று பிரித்த பைகளில் எடை கீழே தங்குவதால், நீண்ட நடைக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. முக்காலியைப் பக்கவாட்டில் மாட்டுவதாக இருந்தால் மறுபக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஆழமான பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில்தான் கருத்துகள் அதிகம் வேறுபடுகின்றன. பயணத்துக்கு முதுகுப் பக்கம் திறக்கும் பையே சிறந்தது என்பது என் முடிவு. அணிந்திருக்கும்போது அந்த ஜிப் முதுகோடு ஒட்டியிருப்பதால் பின்னால் நிற்பவர் அதைத் தொட முடியாது. சேற்றிலோ ஈர மணலிலோ பையைக் கிடத்தித் திறக்க நேர்ந்தால், தரையில் படுவது வெளிப்பக்கம் மட்டுமே; சட்டையில் படும் பக்கம் சுத்தமாக இருக்கும். சில பைகளை இடுப்பு வாரை அவிழ்க்காமலேயே முன்பக்கம் சுழற்றி, வயிற்றுக்கு முன்னால் மேசைபோல் நிறுத்தி லென்ஸ் மாற்றலாம். தெருவில் விரைந்து படம் எடுப்பவர்களுக்குப் பக்கவாட்டுத் திறப்பு கூடுதல் வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜிப்பைப் பாதி மூடிய நிலையில் உடன் வந்த நண்பர் பையைத் தோளில் ஏற்ற, லென்ஸ் ஒன்று கற்படியில் விழுந்து முன்கண்ணாடி நொறுங்கியதைப் பார்த்த பிறகு, உள்ளே இரண்டாவது தடுப்பு மடிப்பு இல்லாத பக்கவாட்டுத் திறப்பை நான் நம்புவதில்லை.

உள்ளே இருக்கும் தடுப்புகளை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மீண்டு எழும் அடர்ந்த நுரை வேண்டும், கசங்கியே கிடக்கும் மென்பஞ்சு அடியைத் தாங்காது. லென்ஸ் பொருத்திய கேமராவை வைத்து ஆழம் போதுமா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் மெல்லிய நகரப் பைகள் பலவற்றில் பேட்டரி கிரிப் (கேமராவின் அடியில் மாட்டும் கூடுதல் பேட்டரிப் பிடி) பொருத்திய கேமரா அடங்காது. மடிக்கணினி அறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் சற்று மேலேயே முடிய வேண்டும்; இல்லாவிட்டால் பையைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் விளிம்பு அடிபடும். உட்துணி வெளிர்நிறமாக இருந்தால் கறுப்பு லென்ஸ் மூடிகள் மங்கிய ஒளியிலும் கண்ணில் படும்.

துணியைப் பற்றி விளம்பரங்களில் வரும் டெனியர் என்ற எண், 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் குறிக்கிறது. எண் கூடினால் நூல் தடிக்கிறது, எடையும் கூடுகிறது. பெரும்பாலான பயணங்களுக்கு 400 முதல் 500 டெனியர் நைலான் போதும். மழையில் நீர் முதலில் நுழைவது ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும்தான். மழையுறை தரப்பட்டிருந்தாலும் அது முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்தில் இறங்கும் நீர் முதுகு வழியே பைக்குள் கசியும். கனமழையை எதிர்பார்ப்பவர்கள் கேமரா பெட்டியை நீர்புகாத உறைக்குள் வைப்பதே உறுதியான வழி. ஜிப்பை ஒரே கையால் மூலைகளைச் சுற்றி இழுத்துப் பாருங்கள்; வெறும் பையில் சிக்கும் ஜிப் நிறைந்த பையில் இன்னும் மோசமாகச் சிக்கும்.

பல நாள் மலை நடைதான் உங்கள் நோக்கம் என்றால், கேமரா பை என்ற பெயரில் விற்கும் எதையும் வாங்காமல், நல்ல மலையேற்ற முதுகுப்பை ஒன்றையும் அதற்குள் வைக்கத் தடுப்புள்ள தனிக் கேமரா பெட்டியையும் வாங்கலாம். கேமராவை எடுப்பது தாமதமாகும். ஆனால் வார்களின் அமைப்பு பெரும்பாலும் மேலாக இருக்கும், பார்ப்பவருக்கு உள்ளே கேமரா இருப்பதும் தெரியாது.

வாங்கியதும் விலைச்சீட்டை வெட்டிவிடாதீர்கள். பயணத்தில் அடுக்கப்போகும் விதத்திலேயே அடுக்கி, வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுமந்து நடந்து, மாடிப்படி ஏறி இறங்கி, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒரு லென்ஸை மாற்றிப் பாருங்கள். தோள்வார் கழுத்தை உரசுகிறதா, இடுப்பு வார் நழுவுகிறதா, தேடிய பொருள் முதல் முயற்சியில் கைக்கு வருகிறதா என்பவை இந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் திருப்பித் தருவதற்கான காலக்கெடு முடிவதற்குள் பையை மாற்றிக்கொள்ளலாம்.