பழங்கொரியத் துப்பறியும் நாவலை வாசிப்பது எப்படி?

முதலில் கதை நடக்கும் ஆண்டைப் பிடியுங்கள். கொரியாவை ஆண்ட சோசன் அரசமரபு 1392இல் தொடங்கி 500 ஆண்டுக்கு மேல் நீடித்தது. அதை ஒரே காலமாக எண்ணினால் பாதித் தடயம் கைநழுவும். 1801 என்றால் கத்தோலிக்கர் வேட்டை. வீட்டில் அகப்படும் ஒரு சிலுவையே உயிரைக் குடிக்கும். 1839இல் கொல்லப்பட்ட மூன்று பிரெஞ்சுக் குருமார், நம் புதுச்சேரி மறைத்தளத்தை 1776 முதல் நடத்திய அதே பாரிஸ் மிஷன் சபையினர். புதுச்சேரியின் சம்பா கோயில் பேராலயத்தைக் கடந்துபோகும் நமக்கு இந்தக் கதைகள் அவ்வளவு தூரத்தில் இல்லை.

அடுத்து, நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குடும்பப் பெயர் முன்னால் வரும். ஒரே அத்தியாயத்தில் மூன்று கிம் வருவார்கள். ஆகவே பெயரோடு பதவியையும் அந்தஸ்தையும் எழுதுங்கள்: யாங்பான் எனும் மேல்குடியா, சாமானியரா, நோபி எனும் அடிமையா? யார் எந்த வாசலைத் தாண்டலாம், யாரை விசாரிக்கலாம் என்பதை அந்தஸ்துதான் தீர்மானிக்கிறது. பெண் நோயாளியை ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்பதால் கீழ்க்குடிப் பெண்களுக்கு வைத்தியம் கற்பித்தார்கள். காவல் அலுவலகத்தில் பெண்களைச் சோதிக்க, கைதுசெய்ய 'தாமோ' என்ற பணிப்பெண்கள் இருந்தார்கள். கதாநாயகி பெரும்பாலும் இவர்களில் ஒருத்தியாக இருப்பது இதனால்தான். பெரிய வீட்டு அந்தப்புரத்துக்குள் நுழைய அவளால் முடியும், அவளுடைய அதிகாரியால் முடியாது.

நேரக் கணக்கு நமக்குச் சுலபம். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு பொழுது. ஒவ்வொன்றும் ஐந்து நாழிகை. தலைநகர் ஹன்யாங்கில் இரவு 28 முறை மணி அடித்தால் கோட்டைக் கதவுகள் மூடும், விடியுமுன் 33 முறை அடித்தால் திறக்கும். சாட்சி சொல்லும் நேரத்தை இந்த இரண்டோடும் ஒப்பிடுங்கள். பொய் அங்கேயே அகப்படும். வயதிலும் கவனம் வேண்டும். பிறந்ததும் ஒன்று, புத்தாண்டுக்குப் புத்தாண்டு இன்னொன்று. பதினாறு என்று சொல்லப்படும் பெண் நம் கணக்கில் பதினான்காகவும் இருக்கலாம்.

பிணப் பரிசோதனைக் காட்சியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். ஓர் அதிகாரி பார்த்தபின் இன்னொருவர் தனியாகப் பார்ப்பார். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் அந்த இடத்தில் கோடு போடுங்கள். பிணத்தின் வாயில் வெள்ளி ஊசியை வைப்பார்கள். அது கறுத்து, கழுவியும் போகாவிட்டால் விஷம் என்று முடிவு. உண்மையில் வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். அந்தக் காலப் பாஷாணம் (ஆர்செனிக்) சரியாகச் சுத்திகரிக்கப்படாததால் அதில் கந்தகம் கலந்திருக்கும். வசநாவி போன்ற வேர் விஷத்துக்கு ஊசி கறுக்காது. அழுகும் உடலோ விஷமே இல்லாமலும் அதைக் கறுக்கவைக்கும். ஆகவே ஊசியை நம்பி எவரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள்.

நாவலின் கடைசிக் கால்பகுதிக்கு முன் நிறுத்தி, 28 முறை மணி அடித்த பிறகும் வெளியே நடமாடக்கூடியவர் யார் என்று நோட்டில் தேடுங்கள். ஆசிரியர் குறிப்பைக் கடைசியில் வாசியுங்கள். எந்த நிஜ வழக்கிலிருந்து கதை பிறந்தது என்று அதில் சொல்லிவிட்டால் கொலையாளியும் தெரிந்துவிடும்.