பழைய மெர்சிடிஸ் எஸ்எல் வாங்கப் போகிறீர்களா? முதலில் கார்பெட்டைத் தூக்குங்கள்

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்லிங்கனில் இருக்கிறேன். 11 வருடமாக என்னிடம் ஒரு 1979 மெர்சிடிஸ் 280 எஸ்எல் இருக்கிறது, இரண்டு பேருக்கான, கூரை திறக்கும் கார். அடர் பச்சை நிறம், கறுப்புத் துணிக் கூரை, ஆட்டோமேட்டிக் கியர். இந்த வண்டி பிறந்த சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலை என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எனக்கு இந்த வண்டியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் முதல் நாளே சொன்னது: "எஞ்சினை அப்புறம் பார்க்கலாம், தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்." இத்தனை வருடத்தில் அதைவிடப் பயனுள்ள பேச்சு எதையும் நான் கேட்டதில்லை.

ஆர்107 என்று ஆர்வலர்கள் சொல்லும் இந்த வரிசை 1971 முதல் 1989 வரை 18 வருடம் வந்தது. மொத்தம் 2,37,287 வண்டிகள். அதனால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து ஃபெல்பாக்கில், பழைய வண்டிகளுக்கென்றே மெர்சிடிஸின் கிளாசிக் சென்டர் இருக்கிறது. எஞ்சின் வலுவானது, பராமரித்தால் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும். உடல்தான் துருப்பிடிக்கும். துருவை வெட்டி எடுத்து வெல்டிங் செய்யும் செலவில் இன்னொரு எஞ்சினே வாங்கலாம். ஆகவே உடல் நல்ல, எஞ்சின் களைத்த வண்டியையும், பளபளப்பான பெயின்டுக்குள் துரு மறைந்த வண்டியையும் பக்கத்தில் நிறுத்தினால், யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும், முழங்காலுக்குப் போட ஒரு பழைய துண்டும் கொண்டுபோங்கள். முன்பக்கக் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கி அடியில் கையை அழுத்துங்கள். ஈரம் இருந்தால் காரணம் பெரும்பாலும் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில், காற்று உள்ளே போகும் சல்லடைக்கு அடியில், ஒரு தொட்டி போன்ற பள்ளம் உண்டு. மழைநீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் உள்ள குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, ஹீட்டர் பெட்டி வழியாக உள்ளே வரும். அந்த இடத்துத் துருவைச் சரிசெய்ய டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். நான் வாங்கப் பார்த்த முதல் வண்டியில் கார்பெட் காய்ந்துதான் இருந்தது. ஆனால் அடியிலிருந்த பஞ்சைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்து, கதவுக்குக் கீழே ஜாக் நுழைக்கும் துளைகள், முன் சக்கர வளைவில் ஹெட்லைட்டின் பின்புறம், டிக்கியின் தரை, துணிக் கூரை மடங்கிப் படுக்கும் பெட்டியின் மூலைகள். இவையெல்லாம் பார்த்த பிறகு, வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஸ்டியரிங் பெட்டி பொருந்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், முன் அச்சைத் தாங்கும் சட்டத்தில் விரிசல் வருவது இந்த வரிசையின் அறியப்பட்ட நோய். மயிரிழை போலத்தான் தெரியும். லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடல் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 280-இல் 2.8 லிட்டர் ஆறு சிலிண்டர், இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). என் வண்டிக்கு 185 குதிரைத்திறன். 350, 450, 500 எல்லாம் வி8, அதாவது எட்டு சிலிண்டர். ஓசை இனிமை, பெட்ரோலும் அதற்கேற்ப. 1985-இல் வந்த 300 எஸ்எல்லில் வால்வு இடைவெளியை நாம் சரிசெய்ய வேண்டியதில்லை, தினசரி வண்டி போலவே நடந்துகொள்ளும். புதிதாக வருபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். 560 அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுக்காகச் செய்தது. கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பி வந்தவை துரு குறைவாக இருக்கும், வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும். வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பார்த்தால் எது எது என்று புரிந்துவிடும்: 107.042 என்றால் 280, 107.041 என்றால் 300, 107.046 என்றால் 500.

சரி, வாங்கியாயிற்று. ஜெர்மனியில் 30 வருடம் தாண்டிய, அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு எச் என்ற எழுத்தோடு நம்பர் பிளேட் தருவார்கள். அதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. கிடைத்துவிட்டால் வருட வரி ஒரே தொகை, 191.73 யூரோ; நகரத்துச் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் தடையில்லாமல் போகலாம். நான் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்குமான சீசன் பிளேட்டும் சேர்த்து எடுத்திருக்கிறேன், ஓட்டுவதும் வரியும் அந்த மாதங்களுக்கு மட்டும்தான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பில் இந்த வண்டியை ஒரு நாள்கூட இறக்காதீர்கள்.

துணிக் கூரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில்தான் அது கெடுகிறது. இது கையால் மடக்கும் கூரை. பின்புறச் சன்னல் கண்ணாடி அல்ல, வளையும் பிளாஸ்டிக். குளிரில் அது விறைத்துப்போகும். அப்போது மடித்தால் பிளக்கும். காலையில் குளிராக இருந்தால் வண்டியை வெயிலில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் திறவுங்கள். முன்பக்கப் பூட்டுகளை விடுவித்து, கூரையின் பின் வளைவைத் தூக்கி, கூரைப் பெட்டியின் மூடியைத் திறந்து, கூரையை மெதுவாகப் பின்னே இறக்குங்கள். பிளாஸ்டிக் சன்னல் மடிப்பில்லாமல் படுக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, நான் ஒரு மெல்லிய பருத்தித் துணியை அதன்மேல் விரித்துவிட்டுத்தான் மூடியை அழுத்துவேன். ஈரக் கூரையை மடித்து வைக்கவே கூடாது, இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். வழியில் மழையில் நனைந்தால், வீட்டுக்கு வந்து மூடிய நிலையிலேயே காய விடுங்கள்.

துணிக் கூரைக்குப் பதிலாக மேலே பொருத்தும் தகரக் கூரையை, அதாவது ஹார்ட்டாப்பை, தனியாகத் தூக்க முயலாதீர்கள். என் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுவோம்.

மாதம் ஒருமுறை நான் தவறாமல் செய்வது தண்ணீர் சோதனை. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்தச் சல்லடை வழியாக ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உடனே இரண்டு பக்கமும் கீழே ஒழுக வேண்டும். கூரைப் பெட்டியின் இரண்டு வடிகால்களிலும் அப்படியே. அடைத்திருந்தால் வளையும் நைலான் கம்பியால் மெல்லக் குத்துங்கள். காற்றழுத்தம் கொடுக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றால் தண்ணீர் நேராக உடலுக்குள் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. என் வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படி நடந்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் அதன் பின்னால் அலைந்தேன்.

எஞ்சின் பக்கம், என் வண்டியில் கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர எரிபொருள் அமைப்பு இருக்கிறது. இது நிற்பதைத்தான் வெறுக்கிறது. பெட்ரோல் காய்ந்து பிசினானால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் எரிபொருள் பகிர்வான் சிக்கிக்கொள்ளும், அது விலை உயர்ந்த பாகம். ஆகவே சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது 40 கிலோமீட்டர் ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்தி, கால் மணி கழித்து ஸ்டார்ட் செய்தால் முரண்டு பிடிக்கிறதா? பெட்ரோல் பம்புக்குப் பக்கத்தில், எஞ்சின் நின்ற பிறகும் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அழுத்தச் சேமிப்பானை முதலில் சந்தேகப்படுங்கள். அங்குள்ள ரப்பர் குழாய்களையும் வயதைப் பார்த்து மாற்றிவிடுங்கள், பெட்ரோல் கசிவு விளையாட்டல்ல.

ஓட்டும்போது எஞ்சின் எண்ணெய் அழுத்த முள் 3 பாரில் நிற்க வேண்டும். சூடான எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது முள் இறங்கினால் பதறாதீர்கள், ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் ஏறினால் போதும். முதல் 20 நிமிடம் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட விடாதீர்கள். ஸ்டியரிங்கில் நடுவில் கொஞ்சம் தளர்வு இருக்கும், அதற்காகத் திருத்திக்கொண்டே இருந்தால் வண்டி அலையும். லேசாகப் பிடித்தால் அதுவே நேராகப் போகும். என் வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு முடியுங்கள். ஈரச் சாலையில், வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் பின்பக்கம் வெளியே ஓடும். பூ மிதப்பதுபோல் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு நொடியில் மாறிவிடும்.

அக்டோபர் கடைசியில் எஞ்சின் ஆயிலை மாற்றி, டாங்கை முழுதாக நிரப்பி, டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கூட்டி, கூரையை மூடிய நிலையில் உலர்ந்த கராஜில் விடுங்கள். பேட்டரிக்குச் சிறு சார்ஜர். இடையில் போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், எஞ்சின் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும்.

ஏப்ரலில் பிரேக், டயர், குழாய்கள் பார்த்த பிறகு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு பாடன்-பாடனிலிருந்து பி500 சாலையில் ஏறுங்கள். கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைகளின் மேல் ஃப்ராய்டன்ஷ்டாட் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பக்கச் சன்னல்களை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, கூரையைத் திறந்து போங்கள். மும்மல்சே ஏரியில் ஒரு காபி. பத்து மணிக்கெல்லாம் பைக்குகள் வந்துவிடும், அதற்குள் இறங்கிவிடலாம்.