பல் வைத்தியரிடம் போகும் முன்னர் பயத்துக்குத் தீனி போடும் தவறுகள்

பல் பிடுங்குவதற்குத் திகதி கிடைத்த பலருக்கு, சிகிச்சை நடக்கும் அரைமணி நேரத்தைவிட அதற்கு முந்திய பத்து நாட்களே கடினமானவை. நெஞ்சு படபடக்கும், முரசில் புதிதாக ஏதோ தட்டுப்படும், விறைப்பூசி ஒத்துவராமல் உயிர் போய்விடுமோ என்ற எண்ணம் நள்ளிரவில் எழுப்பிவிடும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆயினும் அந்தப் பயத்தைத் தணிப்பதாக எண்ணி நாம் செய்யும் காரியங்கள் பலவும் அதை வளர்த்தே விடுகின்றன.

வாயைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது அவற்றில் முதன்மையானது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நாக்கை இழுத்துப் பார்ப்பவருக்கு, நாக்கின் பின்பகுதியில் எல்லோருக்கும் வரிசையாக இருக்கும் சிறு குமிழ்களும், மேலண்ணத்தின் நடுவே சிலருக்கு இயல்பாகவே இருக்கும் எலும்புப் புடைப்பும் புற்றுநோயாகத் தோன்றும். விரலால் அழுத்த அழுத்த அந்த இடம் நோகும், நோவு வந்ததும் சந்தேகம் உறுதியாகிவிடும். இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று என்பதும், வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் அதற்கு முக்கிய காரணங்கள் என்பதும் உண்மையே. ஆகவே மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் தடிப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். நாளுக்கு இருபது தடவை கண்ணாடியிடம் காட்டுவதால் பயனில்லை.

மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று சொல்லும் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். மேற்பற்களுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

நோவு அடங்கியதும் திகதியைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு. சூத்தைப் பல்லின் உள்நரம்பு இறந்துவிட்டால் கொதி நின்றுவிடும், ஆனால் கிருமி வேரின் நுனிக்கு இறங்கிக்கொண்டேயிருக்கும். அழற்சியுற்ற இழையத்தில் அமிலத்தன்மை கூடுவதால், சீழ் பிடித்தபின் விறைப்பூசி முழுமையாக வேலை செய்வதில்லை. இவ்வாறு நோவுக்குப் பயந்து பிந்தியவர் கூடுதலான நோவைச் சந்தித்து, அடுத்த தடவை இன்னும் பிந்துகிறார். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் விழுங்கவும் மூச்செடுக்கவும் சிரமப்பட்டாலோ திகதியைப் பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கலாம்.

இடைப்பட்ட நாட்களில் கைவைத்தியமும் எல்லை மீறுகிறது. நோகும் பல்லருகே அஸ்பிரினை ஒதுக்கி வைத்தால் முரசு வெந்துவிடும். கராம்பு எண்ணெயைத் தாராளமாக விட்டாலும் அப்படித்தான். 500 மில்லிகிராம் பனடோலை வளர்ந்தவர் ஒருவர் 24 மணி நேரத்தில் 8 குளிசைக்கு மேல் எடுக்கக்கூடாது. தடிமன் மருந்துகள் பலவற்றிலும் அதே மருந்து இருப்பதை மறந்துவிடக்கூடாது. வவுனியாவின் சில பகுதிகள் உட்பட, சிறுநீரக நோய் பரவியுள்ள இடங்களில் வாழ்பவர்கள் டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோவு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது எனக்குப் பல்நோவைவிடக் கவலை தருகிறது. இரத்தம் நிற்காது என்ற பயத்தில் இதய நோயாளர்கள் இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் வோபரினையோ அஸ்பிரினையோ தாமாகவே நிறுத்துவது இன்னும் ஆபத்தானது. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினால் அதை வைத்தியர் தீர்மானிப்பார்.

மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு வரிசையில் இருப்பதும் தவறு. முழு மயக்கம் கொடுக்கும் சிகிச்சைக்கே பட்டினி தேவை. இடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசிக்குச் சாப்பிட்டுவிட்டே போகவேண்டும், நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயமாக. பசியும் பயமும் சேர்ந்தால் தலைசுற்றும். அதோடு, பல ஊசி மருந்துகளில் சேர்க்கப்படும் அட்ரினலின் சில நிமிடங்கள் நெஞ்சை வேகமாக அடிக்கச் செய்யக்கூடும். இவ்விரண்டையும் ஒவ்வாமை என்று எண்ணி, தனக்கு ஊசி ஒவ்வாது என்று ஆயுள் முழுவதும் சொல்லித் திரிபவர்கள் உண்டு. விறைப்பு மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. முன்பு என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, உடம்பில் தடிப்பு எழும்பியதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வைத்தியர் பிரித்தறிவார்.

இவை எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது, பயத்தை வைத்தியரிடம் மறைப்பது. மயக்க மருந்துக்கே தட்டுப்பாடு நிலவிய 2009 இன் முற்பகுதியில் காயங்களுக்கு நடந்த சிகிச்சைகளைக் கண்டவர்களும் அனுபவித்தவர்களும் வன்னியில் இன்றும் வாழ்கிறார்கள். கதிரையில் மல்லாந்து, அசையாமல், முகத்துக்கு மேல் வெளிச்சமும் காதருகே இயந்திரச் சத்தமுமாகக் கிடக்கும் நிலை அந்த நினைவுகளைக் கிளறுமானால் அது கோழைத்தனம் ஆகாது. ஊசி போடுவதற்கு முன்பே, “எனக்குப் பயம், கையை உயர்த்தினால் கொஞ்சம் நிறுத்துங்கோ” என்று கேட்டுக்கொள்ளலாம். தாடையிலோ தலையிலோ செல் (எறிகணை) துண்டு இருந்தால் அதையும் சொல்லவேண்டும், எக்ஸ்றேயில் அது தெரியும். சிகிச்சை முடிந்த பின்னரும் நோய்ப்பயம் நித்திரையைக் கெடுத்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.