ஊசி குத்துறதுக்கு முன்னாடி துடிப்பு பாருங்க

பாண்டில நர்சிங் படிக்கிற தங்கச்சிங்களா, முழங்கை மடிப்புல கேனுலா (வெயின்ல, அதாவது சிரையில மருந்து ஏத்துற சின்ன குழாய்) போடுறதுக்கு முன்னாடி டூர்னிக்கெட் (கைய இறுக்கிக் கட்டுற பட்டை) கட்டாம வெறும் விரல வச்சு துடிப்பு இருக்கான்னு பாருங்க, கட்டிட்டு பாத்தா துடிப்பு அமுங்கிப்போயி ஏமாத்திடலாம். புக்குல பிராக்கியல் ஆர்ட்டரி (மேல் கையோட பெரிய தமனி) முழங்கைக்கு கொஞ்சம் கீழ ரேடியல், அல்நார்னு ரெண்டா பிரியும்னுதான் இருக்கும், ஆனா சிலருக்கு மேல அக்குள் பக்கமே பிரிஞ்சிடும், சிலருக்கு அல்நார் தசைக்கு மேல, தோலுக்கு அடியிலயே ஓடும், பாக்க அச்சு அசல் வெயின் மாதிரியே இருக்கும் (வம்பே அங்கதான்). துடிச்சா அது ஆர்ட்டரி, வேற எடம் பாருங்க. குத்தினப்புறம் ரத்தம் பளிச்சுனு சிவப்பா துடிச்சு துடிச்சு வந்தா மருந்து ஏத்தவே கூடாது, சில மருந்து ஆர்ட்டரிக்குள்ள போனா விரலே கருகிடும், உடனே டாக்டர கூப்பிடுங்க. பீச் ரோட்டுல உக்காந்திருக்கப்ப ஃப்ரெண்டு கையிலயே தடவிப்பாத்து பழகுங்க, ரெண்டு கையும் பாக்கணும், ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கணும்னு இல்ல.